நாலு நொடிக் கேள்வி

சர்வர் அறைக்குள் செருப்போடு வரக் கூடாது, ஈரக் குடை கொண்டுவரக் கூடாது, வெளியாள் வரவே கூடாது என்று வாசலில் மூன்று பலகைகள் மாட்டியிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மயிலாத்தாள் மூன்றையும் ஒரே நடையில் மீறி உள்ளே வந்தாள். பின்னாலேயே ஓடிவந்த காவலாளி, "சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க மேடம்" என்று கையைப் பிசைந்தார்.

"இங்க லைனு குடுக்கறது ஆரு?" என்றாள் மயிலாத்தாள்.

கருணாம்பிகை எழுந்து நின்றாள். "நாந்தானுங்கம்மா. உக்காருங்க."

"நான் உக்கார வரலை அம்மிணி. என்ற பையங்கிட்டத் தெனமும் ஒருத்தி வந்து பேசிட்டுப் போறா. அவளை நான் பாக்கோணும்."

கருணாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் யாரிடமும் யாரும் தினமும் பேச முடியாது. யாருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அது அவினாசி ரோட்டில் இருந்த துயிலகம். பத்து வருடங்களுக்கு முன்பு புதிதாக வந்த ஒரு சாயம் நாலைந்து ஊர்களில் பட்டறை ஆட்களின் நுரையீரலை அரித்துவிட்டது. மருந்து இல்லை. ஆனால் அவரவர் உடம்பிலிருந்தே கொஞ்சம் சதை எடுத்துப் புது நுரையீரல் வளர்க்கலாம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வளர்ந்து முடியப் பத்து வருடம் ஆகும். அதுவரை பழைய நுரையீரல் தாங்க வேண்டுமே, அதற்காக ஆட்களைத் தூங்க வைத்தார்கள். அப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இரண்டாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிகளில் தூங்கினார்கள். உடம்பு தூங்கினாலும் மனசு லேசாக விழித்திருக்கும். அதோடு பேச வழி இருந்தது. உறவுக்காரர்கள் கீழே ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதினைந்து நிமிடம் பேசலாம். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது லைன்தான் இருந்தது, ஒரு தடவை பேசிய லைன் ஆறி மறுபடி பேச்சுக்குத் தயாராக ஐந்தாறு நாள் ஆகும். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை முறை வரும்.

அந்த நாற்பது லைனையும் யாருக்கு எப்போது கொடுப்பது, எப்போது திரும்ப வாங்குவது, சும்மா இருந்தால் எத்தனை நொடியில் துண்டிப்பது என்று சர்வரில் அமைத்து வைத்ததே கருணாம்பிகைதான். எட்டு வருடமாக அதைக் கட்டி மேய்ப்பவளும் அவள்தான்.

"உங்க பையன் பேரு என்னங்கம்மா?"

"குமரகுரு. எட்டு மாசந்தான் ஆச்சு படுத்து. இன்னைக்கு என்ற முறை. பேசிட்டு நேரா இங்கதான் வாரேன்." மயிலாத்தாள் முந்தானையால் முகத்து மழைத்தண்ணியைத் துடைத்தாள். "எப்பிடிடா கண்ணு இருக்கறேன்னு கேட்டேன். 'நீதாம்மா என்னைய வந்து பாக்கவே மாட்டேங்கறே, ஒரு அக்கா தெனமும் வந்து கேட்டுட்டுப் போகுது'ங்கறான். பேசி முடிச்சா எல்லாத்தையும் அழிச்சுப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நான் வந்தது அவனுக்கு நெனப்பிருக்காது, சரி. அவ வந்தது மட்டும் எப்பிடி நெனப்பிருக்குது?"

கருணாம்பிகைக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "அந்த அக்கா என்ன கேக்குதாம்?"

"சாப்டாச்சுங்களான்னு கேக்குதாம். அப்புறம் போயிருதாம்."

கருணாம்பிகை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் லைன்களின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எட்டு வருடமாக அந்தப் பக்கத்தின் மேல் பாதியை வாரம் ஒரு தடவையாவது திறந்திருப்பாள். கீழே, கடைசிக்கு முந்தின வரியில், 'சோதனைக் கேள்வி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டு நாளாகிவிட்டது. தொட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

"சாப்டாச்சுங்களா?"

மயிலாத்தாள் திரையைப் பார்த்தாள், பிறகு கருணாம்பிகையைப் பார்த்தாள். எட்டு வயது குறைந்த குரல் என்றாலும் அடையாளம் தெரியாமல் போகுமா?

"அடிப்பாவி" என்றாள் மயிலாத்தாள். "அது நீயா?"

நடந்தது இதுதான். ஒரு லைனை உறவுக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அது உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்க்கும். சும்மா இருக்கும்போதும் கால் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் கேட்கும். எந்தப் பதில் வந்தாலும் சரி, பதில் வந்தால் பச்சை விளக்கு எரியும். 'ஒன்று என்று சொல்லவும்' என்று ஒரு பதிவை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. துயிலகம் தொடங்கிய நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தப் பதிவு வந்து சேரவில்லை. சரி, இப்போதைக்கு என்று கருணாம்பிகை தன் குரலை வைத்தாள். இன்னொருவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் கேட்கிற கேள்வி வேறென்ன இருக்கிறது? வாயில் அதுதான் வந்தது. பிற்பாடு மாற்ற வேண்டும் என்று மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். சீட்டு எப்போதோ விழுந்துவிட்டது. தற்காலிகமாக வைத்ததுதான் நம்மிடம் எப்போதும் நிலைக்கும்.

அவள் வாயில் அது வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைக்கு முதல் தொகுதியாகப் படுத்த இருபது பேரில் பதினேழாவது ஆள் சென்னியப்பன். கருணாம்பிகையின் வீட்டுக்காரர்.

"இதை உங்களுக்கு எப்பிடிச் சொல்றது" என்று கருணாம்பிகை மயிலாத்தாளிடம் தடுமாறினாள். "நீங்க பேசறது சிலேட்டுல எழுதற மாதிரிங்கம்மா. லைனைத் திரும்ப வாங்கறப்ப சர்வர் ஈரத்துணி போட்டுத் தொடைச்சிரும். தூங்கறவங்க மனசுல வெசனம் சேரக் கூடாதுன்னு டாக்டருங்க சொன்ன ஏற்பாடு. ஆனா இந்தக் கேள்வி பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேக்கறது. அது சிலேட்டுல ஏறலை. செவுத்துல எழுதின மாதிரி நின்னுபோச்சு. இப்படி நிக்கும்னு நான் சத்தியமா நெனைக்கலை."

"மத்தவங்க ஆரும் வந்து சொல்லலியா?"

சொன்னார்கள். உங்கள் நர்ஸ் ஒருத்தி ரொம்ப நல்லவள், வேளாவேளைக்குச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாளாம், எங்க அப்பா சொன்னார் என்று பார்வையாளர் ஏட்டில் பலபேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த நர்ஸ் யாரென்று ஒருத்தரும் தேடவில்லை. பாராட்டைத் துருவிப் பார்க்கிறவர் யார்? பெற்ற வயிறு எரிந்த ஒருத்திதான் குடையோடு கிளம்பி வந்திருந்தாள்.

"எட்டு மாசமா நான் பஸ்ஸேறி வாரேன்" என்றாள் மயிலாத்தாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. "நான் பேசறது ஒண்ணும் நிக்கறதில்லை. நீ கேக்கறது நிக்குது. பெத்தவ வரலைன்னு அவன் நெனைச்சுட்டுக் கெடக்கறான். இதுக்கு நீ என்ன சொல்றே?"

கருணாம்பிகை அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். மயிலாத்தாள் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தாள், பிறகு உருவிக்கொண்டாள்.

அன்று மாலையே கருணாம்பிகை மேலாளர் தயாளனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தயாளன் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குரலை உயர்த்தாதவர். குரலை உயர்த்தாதவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது கருணாம்பிகையின் அனுபவம்.

"கணக்குப் போட்டீங்களா மேடம்? ஒருத்தர்கிட்ட எத்தனை தடவை கேட்டிருக்கும்?"

"முதல் தொகுதியில படுத்தவங்கன்னா ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் தடவை சார்."

தயாளன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு நோயாளி மனசுல அனுமதியில்லாம ஒரு குரல். வேற எந்த நினைப்பும் சேர விடாம, அந்தக் குரல் மட்டும். இது எவ்வளவு பெரிய தப்புன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாத்திடுங்க. கேள்வியே வேண்டாம். சத்தமில்லாத ஒரு துடிப்பு அனுப்பினா லைன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிடும் இல்லையா?"

"தெரிஞ்சிரும் சார்." அவள் போகவில்லை. "ஆனா அதோட அவங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது. இன்னும் ரெண்டு வருசம், மூணு வருசம். புதுசா வந்தவங்களுக்கு ஒம்பது வருசம். அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?"

"பதில் எங்கயாவது பதிவாகுதா?"

"இல்லீங்க சார். பதில் வந்துச்சான்னு பாத்துட்டு சர்வர் தூக்கிப் போட்டுரும்."

தயாளன் யோசித்தார். என்ன சேதம் என்று தெரியாமல் அறிக்கை எழுத முடியாது. புதன்கிழமை பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பதில்களைப் பதிவு செய்ய அனுமதி கொடுத்தார். அது முடிந்ததும் இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்றார்.

கேட்டார்கள்.

"ஆச்சுங்க." "ஆச்சுங்கக்கா, நீங்க?" "பசியே இல்லை கண்ணு." ஒரு பெரியவர், "கெடக்குது போ, வெளிய நிக்காத, உள்ள வா" என்றார். ஒரு பெண், "உங்களுக்கு என்ன, கேட்டுட்டுப் போயிருவீங்க" என்று கோபித்தாள். பதில் சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. எட்டு வருடமாக முன்னூறு பேர் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கேட்ட பக்கத்தில் காது இருந்ததில்லை. கருணாம்பிகைக்கு அதை நினைக்கவே கூசியது.

இருநூற்றுத் தொண்ணூற்று நாலாவது ஆள் குமரகுரு. "ஆச்சுங்கக்கா" என்றான். "வெளிய எங்கம்மா நிக்குதான்னு பாத்தீங்களா?"

தயாளன் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

பதினேழாம் எண்ணைக் கருணாம்பிகை கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். தயாளனுக்கு அது யாரென்று தெரியும். "நான் வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார். சேர்ந்துதானே கேட்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் நாலு பதில்கள்.

ஒன்றே கால். "இன்னும் இல்லை புள்ளை. நீ வா, சேந்து சாப்புடலாம்."

ஒன்றரை. "நீ வந்துரட்டும்."

ஒன்றே முக்கால். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

இரண்டு. "பரவால்லை. நான் இருக்கறேன்."

கருணாம்பிகை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள், திரும்பவும் எடுத்து மாட்டினாள், திரும்பவும் கழற்றினாள். அவளுக்கு அழுகை உடனே வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவருக்குப் பட்டறையில் ஷிப்ட், அவளுக்கு அலுவலகத்தில் ஷிப்ட். யார் முதலில் வந்தாலும் மற்றவர் வரும்வரை சாப்பிட மாட்டார்கள். பெரும்பாலும் முதலில் வருவது அவர்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். படுக்கப்போன அன்றைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். "பரவால்லை விடு, எந்திரிச்சதும் ரெண்டு பேரும் சேந்து சாப்புட்டுக்கலாம்" என்று சொல்லித்தான் பெட்டிக்குள் படுத்தார். கேலிக்குச் சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

முதல் ஐந்து வருடம் அவளும் முறை வைத்துப் பேசப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவர் எடுத்த எடுப்பில், "வந்துட்டியா? சாப்புடலாமா?" என்றுதான் கேட்டார். அவருடைய மனசு படுத்த நாளிலேயே நிற்கிறது, அந்த நாளின் பசியில் கேட்கிறார் என்று நினைத்தாள். தன் தலை நரைத்ததையும் தான் தனியாக வீடு மாறியதையும் சொல்லி அழுதாள். பதினைந்து நிமிடம் முடிந்தால் துடைத்துவிடும், அடுத்த தடவை திரும்பவும் "வந்துட்டியா? சாப்புடலாமா?" அதைத் தாங்க முடியாமல் மூன்று வருடங்களுக்கு முன்பு தன் முறையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காத்திருப்போர் பட்டியல் நீளம், யாருக்காவது உதவட்டும் என்று காரணம் எழுதினாள். அந்தக் காரணத்துக்காக எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்.

அவர் படுத்த நாளிலேயே நின்றுவிடவில்லை. எட்டு வருடத்தையும் ஒவ்வொரு கால் மணியாக எண்ணிக் காத்திருந்தார். கால் மணிக்கு ஒரு தடவை வாசலில் நின்று சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு உள்ளே வராமல் போய்க்கொண்டே இருந்தவள் இவள்தான்.

"சார்" என்றாள். "நீங்க சொன்ன மாதிரி என்ற குரலை எடுத்தர்றேன். அது சரிதான். ஆனா அந்த எடத்துல அவங்கவங்க வீட்டு ஆளு குரலை வைக்கலாம். கேள்வி ஒண்ணுதான் இருக்கோணும்னு சர்வர்ல சட்டம் இல்லை. ஆளுக்கொரு கேள்வி வெச்சு, நம்பரைப் பாத்து எடுத்துக்கன்னு சொல்லிக்கலாம். ரெண்டு நாள் வேலை."

"என்ன கேள்வி?"

"என்னமோ ஒண்ணு. அவங்க இஷ்டம். நாலு நொடிக்குள்ள இருக்கோணும், அவ்வளவுதான். நாலு நொடி தாண்டுனா லைன் செத்துப்போச்சுன்னு சர்வர் நெனைச்சுக்கும்."

தயாளன் தலையாட்டினார், ஆமாம் என்று அல்ல. "டாக்டர்கள் ஒத்துக்கணும். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா? நாலு நொடியில என்ன மேடம் பேச முடியும்?"

அதற்குப் பதில் வாசலிலிருந்து வந்தது. மயிலாத்தாள் அன்றைக்கும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். காவலாளி இந்தத் தடவை துரத்தவே இல்லை. "நாலு நொடி போதும் சாமி" என்றாள். "எங்கூட்டுல நாங்க அதுக்கு மேல எப்ப பேசியிருக்கறோம்?"

டாக்டர்கள் வியாழக்கிழமை முழுவதும் பேசினார்கள். எட்டு வருடமாக ஒரு கேள்வி யாரையும் கெடுக்கவில்லை, உறவுக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒரு வாக்கியத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று முடிவு வந்தது. தயாளன் இரண்டு நிபந்தனை போட்டார். தவறு கருணாம்பிகையின் பேரில் பதிவாகும். இன்னொன்று, பதில்களை இனி ஒருவரும் கேட்கக் கூடாது, அவளும் கேட்கக் கூடாது. அடுத்தவர் தூக்கத்தில் பேசுவதை ஒட்டுக் கேட்பது நமக்கு வேலையில்லை என்றார். பதிவை அவள் கண்ணெதிரே அழித்தார். சரியான காரியத்தைத்தான் செய்தார், அதனால்தான் அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

வியாழன் இரவே எல்லா வீட்டுக்கும் சேதி போனதில் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வராந்தாவில் திருவிழாக் கூட்டம், வர முடியாதவர்கள் போனிலேயே பதிவு செய்தார்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தி, "மாப்பிள்ளை பாத்தாச்சுங்க, நம்ம பக்கந்தான்" என்றாள், ஐந்து நொடி வந்தது. 'நம்ம பக்கந்தான்' என்பதை வெட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறாள், அதுதான் அவருக்கு முக்கியமாம். கடைசியில் 'பாத்தாச்சுங்க'வில் இருந்த 'ங்க'வைத் தியாகம் செய்தாள். பெரியாண்டவர் என்று ஒரு ஓய்வுபெற்ற மேஸ்திரி, மகனுக்காக வந்தவர், மைக் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தும் வாய் திறக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார், வீட்டுக்குள் நுழையும்போது செருமுகிற செருமல். "இது போதுமுங்க, அவனுக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டார். கேள்வியே இல்லையே, சர்வர் ஏற்குமா என்று கருணாம்பிகைக்குச் சந்தேகம். போட்டுப் பார்த்தாள். அந்த எண்ணுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

மயிலாத்தாள் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னாள். "கண்ணு, அம்மா வெளியவேதான் இருக்கறேன்." மூன்றரை நொடி. எழுந்து போகும்போது கருணாம்பிகையின் கன்னத்தை வழித்து, "நீ உன்றவருக்கு என்ன சொல்லப்போறே அம்மிணி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பதினேழு மட்டும் பாக்கி.

பழைய கேள்வியையே வைத்துவிடலாம். அவருக்கு அவள்தானே வீட்டு ஆள், அவள் குரல் இருப்பதில் தப்பில்லை. அப்படி வைத்தால் அவர் "நீ வா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் காதில் விழாவிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தனக்காக ஒருத்தர் தட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய சுகம் என்று அந்த இரண்டு நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சுகத்துக்கு ஏங்கினாள். வெட்கமில்லாமல் ஏங்கினாள்.

ஆனால் அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கால் மணிக்கு ஒரு தடவை பசியோடு இன்னும் எழுபதாயிரம் தடவை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மைக்கை இழுத்தாள். "நான் சாப்டாச்சுங்க. நீங்க சாப்புடுங்க" என்றாள். மூன்று நொடி. கேட்டுப் பார்க்காமலே சேமித்தாள். நாலு மணிக்குப் புது அமைப்பு ஓடத் தொடங்கியது. முன்னூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பதினேழும் எரிந்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. சரி என்று சொல்லியிருப்பார், சாப்பிட உட்கார்ந்திருப்பார், இனி வாசலைப் பார்க்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பேருந்தில் போகும்போது யாரோ தன் கையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை தன் பெயரை மறுபடியும் பார்வையாளர் பட்டியலில் எழுதினாள். ஊழியர் என்று சலுகை கேட்கவில்லை. நாற்பத்து மூன்று நாள் கழித்து முறை வந்தது, பகல் ஒன்றே கால். காலையிலிருந்து அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. டிபன் டப்பாவைக் கட்டியபடியே பையில் வைத்துக்கொண்டு கீழ் அறைக்குப் போனாள். மூன்று வருடத்தில் நாற்காலியை மாற்றியிருந்தார்கள். ஹெட்போனை மாட்டினாள். விளக்கு பச்சையானது.

"ஏனுங்க" என்றாள்.

"வா" என்றார் சென்னியப்பன். குரல் அப்படியே இருந்தது, எட்டு வருடத்துக்கு முன்பு இருந்த அதே குரல். "இப்பத்தானே வாசல்ல நின்னு சாப்டாச்சுன்னு சொன்னே?"

"ஆமாங்க. நீங்க சாப்டீங்களா?"

"எங்க சாப்புடறது?" அவர் சிரித்தார். "நீயும் கொஞ்ச நாளாச் சாப்டாச்சு சாப்டாச்சுங்கறே. ஒரு நாளாவது இன்ன கொழம்புன்னு சொன்னியா? சாப்ட பொம்பளைக்கு அது தெரியாதா? பொய் சொல்றே."

கருணாம்பிகை பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நெம்ப நாளாத் தெரியும் புள்ளை, நீ ஒழுங்காச் சாப்புடறதில்லைன்னு. அந்தக் குரல்லயே தெரியுது. உக்காரு. பையில என்ன வெச்சிருக்கறே?"

பையில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த நேரத்துக்கு எப்போதும் அவள் பையில் ஏதாவது இருக்கும், அவ்வளவுதான். டப்பாவைத் திறந்தாள். மூடி நழுவித் தரையில் உருண்டது, சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"கத்திரிக்காய்க் கொழம்புங்க."

"எண்ணெய்யா, புளியா?"

"புளிங்க."

"சாப்புடு. நான் இருக்கறேன்."

பதினைந்து நிமிடத்தில் பதினொரு நிமிடம் அவள் சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள். அவர் எதுவும் பேசவில்லை. சும்மா இருந்தால் நூற்றெண்பது நொடியில் லைன் துண்டாகிவிடும் என்று அமைத்தவள் அவளே என்பதால், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "ம்" என்றாள். அவரும் "ம்" என்றார். கடைசியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, "உப்புக் கம்மிங்க" என்றாள். அவர் என்னவோ சொல்லத் தொடங்கும்போது நேரம் முடிந்துவிட்டது. ஈரத்துணி வந்து துடைத்துவிட்டது. கத்திரிக்காயும் புளியும் மூடி உருண்ட சத்தமும் அவரிடம் இப்போது இல்லை.

கேள்வியை மாற்ற விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறாவதாகக் கருணாம்பிகையும் நின்றாள். தன் முறை வந்ததும் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"கத்திரிக்காய்க் கொழம்புங்க. உப்புக் கம்மி. வாங்க."

நாலு நொடிக்கு ஒரு இம்மி குறைவாக வந்தது. சேமித்தாள். கால் மணி கழித்துப் பதினேழாம் எண்ணில் பச்சை விளக்கு எரிந்தது. பதில் என்னவென்று சர்வர் சொல்லவில்லை. அவள் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள்.